ஜவ்வரிசிச் செடியும் ஒரு டம்ளர் தண்ணீரும்

என் ஆசைத் தம்பி பாபுவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. நீ நலமாக இல்லை, நாங்களும் நலமாக இல்லை, இரண்டுக்கும் காரணம் நீதான். அதனால் சுற்றி வளைக்காமல் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் ஜவ்வரிசிச் செடி அழுகிப் போய்விட்டது.

கோபம் வருகிறதா? வரட்டும். போன ஐப்பசியிலிருந்து எனக்கு வந்துகொண்டிருக்கும் கோபத்தில் கால்வாசியாவது உனக்கு வந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அந்தச் செடியை நீ வாங்கி வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பூந்தமல்லி சாலையில் இருக்கும் நர்சரியில் வண்டியை நிறுத்தி, ஆபீஸ் பையிலேயே வைத்துக்கொண்டு நேராக ஆவடிக்கு என் குவார்ட்டர்ஸுக்கு வந்தாய். கட்டை விரல் உயரத்துக்கு ஒரு சின்னத் தொட்டி. அதற்குள் மேலே வளராமல் தரையோடு தரையாகப் படர்ந்துகொண்டு, குண்டு குண்டாகக் குட்டி இலைகளோடு ஒரு செடி. அதன் இங்கிலீஷ் பெயரை நீ மூன்று தடவை சொன்னாய், என் வாயில் நுழையவில்லை.

"இன்னாடா இது, ஜவ்வரிசிக்குப் பச்சை சாயம் போட்ட மாதிரி கீது" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறியது. அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். வானகரத்தில் உன் ஃபிளாட்டில் கீழ்வீட்டுக்காரர்கள்கூட ஜவ்வரிசிச் செடி என்றுதான் கேட்டு ஆளுக்கொரு துண்டு வாங்கிப் போனார்கள்.

முதலில் வாங்கியதை நீயே கொன்றாய். நாம் வளர்ந்த வளர்ப்பு அப்படி. குவார்ட்டர்ஸில் காலையில் குழாயில் தண்ணீர் வரும்போது புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும், அதற்கு முன்னால் நேற்றைய தண்ணீரைக் காலி செய்ய வேண்டும், அதை எங்கே ஊற்றுவது? செடியில். வாசலில் இருந்த வாழைக்கும் செம்பருத்திக்கும் அப்படிக் குடம் குடமாகக் கவிழ்த்துப் பழகிய கை உன்னுடையது. அதே கையோடு ஜவ்வரிசிச் செடிக்கும் தினமும் ஊற்றினாய். ஒரு வாரத்தில் குழைந்து போயிற்று.

அதற்குப் பிறகு இன்னொன்று வாங்கினாய், அப்போதுதான் நீ மாறினாய். ஆற்று மணல் கிடைக்காது என்று, பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் கேட்டு எம்-சாண்ட் வாங்கி வந்து, அதைச் சல்லடையில் சலித்து, தூசியை எல்லாம் கழுவி எடுத்தாய். செங்கல்லை உடைத்து மிளகு அளவுக்குப் பொடித்தாய். அதில் ஒரு கை மக்கிய எரு. பழைய பிளாஸ்டிக் பேசினில் கம்பியைச் சுடவைத்து ஓட்டை போட்டாய். உன் பெண்டாட்டி நிர்மலாவின் காய்கறிச் சல்லடையைப் பாழாக்கியதற்கு அவள் உன்னோடு இரண்டு நாள் பேசவில்லை என்று நீயே சொன்னாய்.

எனக்கும் ஒரு தொட்டி வைத்துக் கொடுத்துவிட்டு, போனில் என்னை ஆட்டிப் படைத்தாய். "அக்கா, துடைப்பத்துலருந்து ஒரு ஈர்க்குச்சிய உருவி மண்ணுல குத்து. மண்ணு ஒட்டிகினு வந்தா ஊத்தாத. சுத்தமா வந்தா ஓரமா கொஞ்சம் ஊத்து, இலை மேல படக்கூடாது." நான் சரிடா சரிடா என்பேன். "இலை லேசா சுருங்கும்க்கா, அதுவரைக்கும் கிட்டவே போகாத. அதுக்குத் தண்ணி வேணும்னா அது சொல்லும்."

அது சொல்லும். நீ சொன்னாயா பாபு?

ஒரு உளுந்தம்பருப்பு அளவு இலை. அதில் சுருக்கம் விழுந்தால் உனக்குத் தெரிந்தது. அடித்தண்டில் வெள்ளையாக மாவுப்பூச்சி ஒரு புள்ளி வைத்தால் பஞ்சை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். கத்திரி வெயிலில் மத்தியான நேரத்துக்கு மட்டும் உன் பெண் யாழினியின் பழைய துப்பட்டாவைக் கம்பியில் கட்டி அதற்கு நிழல் கொடுத்தாய். இவ்வளவு பார்க்கத் தெரிந்தவனுக்குத் தன் நெஞ்சு வலிப்பது தெரியவில்லை என்று நான் நம்ப வேண்டுமா?

நம் வீட்டில் எல்லா வலிக்கும் ஒரே பெயர்தான். நெஞ்சு அடைத்தால் கேஸ், முதுகு பிடித்தால் கேஸ், தோள் இழுத்தால் கேஸ். ஓமத் தண்ணீர் குடி, பூண்டைச் சுட்டுத் தின்னு, சோடா குடித்து ஏப்பம் விடு. நீ லேப்டாப்பில் உலகத்தையே பார்த்தவன், நீயும் அதையே சொன்னாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் செய்தாய். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "அக்கா, மழை வர்ற மாதிரி கீது. உன் தொட்டிய உள்ள எடுத்து வை. நனைஞ்சா போச்சு" என்றாய். "கை மீன் வாடைடா, அப்புறம் வைக்கிறேன்" என்றேன். "அப்புறம்னு சொல்லாதக்கா, மறந்துடுவ" என்றாய். உன் குரல் கொஞ்சம் கம்மியாக இருந்தது. தூங்கி எழுந்த குரல் என்று நினைத்தேன்.

நீ அந்தப் போனை ஒரு கையிலும் உன் நெஞ்சை மறு கையிலும் பிடித்துக்கொண்டு பேசினாய் என்று நிர்மலா சொல்லித்தான் எனக்குப் பிறகு தெரியும். சட்டை தொப்பலாக நனைந்திருந்ததாம். "என்னங்க இப்படி வேர்க்குது" என்று கேட்டவளிடம் "கேஸ்தான், ஒரு சோடா வாங்கிட்டு வா, எலுமிச்சம்பழம் புழிஞ்சு உப்புப் போட்டுக் குடு" என்றாயாம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் சொன்னதற்கு, "ஞாயித்துக்கிழமையும் அதுவுமா உசுர வாங்காத" என்றாயாம். உன் வாயிலிருந்து வந்த வார்த்தைதானே அது? இல்லை என்று சொல்லிப் பார்.

எவனோ ஒரு நர்சரிக்காரன் வளர்த்த செடி நனையக்கூடாது என்று சொல்ல உனக்கு மூச்சு இருந்தது. அக்கா, எனக்கு நெஞ்சு வலிக்கிறது என்று சொல்ல இல்லை. நான் மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்க மாட்டேனா? வந்து உன்னை அடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க மாட்டேனா? சின்ன வயதில் ஊசிக்குப் பயந்து நீ வேப்பமரத்தில் ஏறியபோது காலைப் பிடித்து இறக்கியவள் நான்தானே.

அன்றைக்கு மத்தியானமே எல்லாம் முடிந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் தொட்டி வெளியேதான் இருந்தது. காரியமெல்லாம் முடிந்து ஆவடிக்குத் திரும்பியபோது அதில் தண்ணீர் தேங்கி, செடி கஞ்சியாகக் கிடந்தது. நீ கடைசியாக என்னிடம் சொன்ன வேலை அது. ஆக, நம்மிடம் மிச்சம் இருந்தது உன் பால்கனியில் இருக்கும் பேசின் ஒன்றுதான்.

அதுதான் இப்போது அழுகியது. எப்படி அழுகியது என்று கேள்.

உன் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் அரக்கோணத்து அத்தைதான் உன் வீட்டில் அதிகாரம் செய்தார்கள், உனக்குத் தெரியாததா. அப்பாவின் அக்கா என்றால் நம் குடும்பத்தில் கலெக்டருக்கு மேல். உன் படத்துக்கு முன்னால் விளக்கு, பக்கத்தில் ஒரு டம்ளரில் தண்ணீர். போன உயிருக்குத் தாகம் எடுக்கும், தினமும் தண்ணீர் மாற்றி வைக்க வேண்டும் என்றார்கள். "பழைய தண்ணிய கால் படற எடத்துல ஊத்திடாதமே. துளசில ஊத்து" என்று நிர்மலாவிடம் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனார்கள்.

அவளும் அதை மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டாள். தினமும் துளசியில் ஊற்றியிருக்கிறாள். கத்திரி வெயிலில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போன இடைவெளியில் துளசி காய்ந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் பால்கனியில் உயிரோடு இருந்த ஒரே செடி உன்னுடையதுதான். தண்ணீர் இல்லாமல் கிடந்து, இலையெல்லாம் சுருங்கி, ஆனால் சாகாமல். உன் டம்ளர் தண்ணீரை அன்றிலிருந்து அதில் ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். தினமும். தவறாமல்.

எனக்கு இது தெரியாது. தையல் ஃபேக்டரியில் ஆர்டர் நெருக்கம், மெஷினை விட்டு எழுந்திருக்க விடவில்லை, ஆடி முழுவதும் நான் வானகரம் பக்கமே போகவில்லை. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பால்கனிக் கதவைத் திறந்ததுமே ஒரு வாடை. பேசினைப் பார்த்தேன். நடுப்பகுதி முழுக்கக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. வெந்த ஜவ்வரிசி பார்த்திருப்பாய் அல்லவா, அதே மாதிரி. விரலால் தொட்டேன், தண்ணீராக வழிந்தது. நாம் வைத்த பெயர் அப்படியா பலிக்க வேண்டும்?

"யாரு இதுக்கு தெனம் தண்ணி ஊத்தறது?" என்று கத்தினேன். சமையலறையிலிருந்து நிர்மலா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான்தான் அண்ணி. அது அவரோட தண்ணி."

"எவரோட தண்ணி?"

அவள் உன் படத்தைக் காட்டினாள். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலைக்கு ஏறிவிட்டது.

"ஏம்மா, குச்சி குத்திப் பாத்து ஊத்துன்னு தலைப்பாடா அடிச்சிகினானே, உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணி. ஆனா அதைத் தண்ணின்னு நான் நினைக்கல. அவர் குடிச்ச மிச்சம்னு நினைச்சேன்."

இதற்கு நான் என்ன சொல்ல? ஆனாலும் சொன்னேன். என் வாய் உனக்குத் தெரியும். "அவன் செடிய அவன் தண்ணியாலயே கொன்னுட்டியேம்மா" என்றேன்.

அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "செடியைத்தான சொல்றீங்க அண்ணி?"

"வேற எதச் சொல்றேன்?"

"இல்ல, எல்லாரும் அதைத்தான சொல்றாங்க. சோடா குடுத்துக் கொன்னுட்டான்னு. நீங்களும் அதைத்தான் சொல்றீங்களோன்னு கேட்டேன்."

பாபு, நான் அப்போதுதான் கேள்விப்படுகிறேன். உன் சாவு வீட்டிலேயே அத்தை ஆரம்பித்துவிட்டார்களாம். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தரிடமும், "நெஞ்சு வலின்னு துடிச்ச புள்ளைக்கு சோடாவ வாங்கிக் குடுத்துட்டு ஒக்காந்துகினு இருந்திருக்கா" என்று சொல்லியிருக்கிறார்கள். அது கல்யாண வீட்டில், காது குத்தில், போனில் என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் யாழினி காதிலும் விழுந்திருக்கிறது. உன் பெண் இப்போது கடையில் சோடா பாட்டிலைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அம்மாவிடம் முன்பு மாதிரி ஒட்டுவதில்லை. வேலையை விட்டுவிட்டுத் திண்டுக்கல்லுக்கே போய்விடலாமா என்று நிர்மலா யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவளுக்குப் பதிலும் சொல்லவில்லை. பேசினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆவடிக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்த அழுகல் தண்ணீர் என் புடவையில் சொட்டிக்கொண்டே வந்தது. ஆட்டோக்காரர், "இன்னாக்கா, மீனா?" என்று கேட்டார். நான் முறைத்த முறைப்பில் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து செடியைக் கவிழ்த்தேன். ஓரத்தில் பேசினுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த சில கொடிகளின் நுனி மட்டும் கெட்டியாக, பச்சையாக இருந்தது. அழுகல் ஏறாத இடம் பார்த்து, ஃபேக்டரிக் கத்தரிக்கோலால் நறுக்கினேன். தண்டின் உள்ளே பழுப்பு தெரிந்தால் இன்னும் மேலே நறுக்கு என்று நீ சொல்வாய். நறுக்கினேன். கடைசியில் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. அவற்றை ஒரு பழைய காலண்டர் தாளில் பரப்பி, வெட்டுவாய் காயட்டும் என்று அலமாரி மேல் வைத்தேன்.

உன் மாமா ஷிப்டு முடிந்து வந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் தண்ணி தெளிச்சு வைக்கலாமே, வாடுது பாரு" என்றார். யாராவது ஒரு சொட்டு தெளித்தால் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டேன். பச்சை வெட்டில் தண்ணீர் பட்டால் மறுபடியும் அழுகும் என்று உன் குரலிலேயே அவருக்குப் பாடம் எடுத்தேன். பாடம் எடுக்கும்போதே உன் மேல் கோபமும் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிர்மலாவே வந்தாள். செடியைப் பார்க்கத்தான் வந்தேன் என்றாள். காய்ந்த துண்டுகளை மணல் மேல் பரப்பிக்கொண்டிருந்தேன். புதைக்கக்கூடாது, சும்மா மேலே படுக்க வைத்தால் போதும், அதுவே வேர் விடும் என்று நீ சொன்னதை அவளும் சொன்னாள். இருவரும் குனிந்து ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தோம். என் இடது தோள் ஒரு வாரமாகவே இழுத்துக்கொண்டிருந்தது. நான் யோசிக்காமல் கையால் அழுத்திக்கொண்டேன்.

அவள் பார்த்துவிட்டாள். "என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல, மெஷின்ல ஒக்காந்து ஒக்காந்து புடிச்சிகினு கீது. கேஸா இருக்கும்."

அந்த வார்த்தை என் வாயில் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை பாபு. பழக்கம். அவள் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து கையைக்கூடக் கழுவாமல் என் செருப்பை எடுத்து வந்து காலடியில் போட்டாள். "கிளம்புங்க" என்றாள்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"ஞாயித்துக்கிழமைல..." என்று ஆரம்பித்தேன். மேலே பேசவில்லை. உன் மணல் ஒட்டிய விரலால் அவள் என் கையைப் பிடித்திருந்தாள். ஃபேக்டரி மெஷின்கூட அப்படிப் பிடிக்காது.

ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லை, தோள் தசை பிடித்திருக்கிறது, மெஷினில் தொடர்ந்து உட்காராதீர்கள் என்று டாக்டர் சொன்னார். நான் வெளியே வந்து பார்த்தால், நடைபாதை பெஞ்சில் அவள் என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகும்போது நான் கழற்றிப் போட்டதை எடுத்து வைத்திருக்கிறாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. புடவையெல்லாம் மண்.

"ஒண்ணுமில்லையாம், தசை புடிப்பாம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். செருப்பில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். அப்புறம், "அன்னிக்கும் இதே மாதிரி கையப் புடிச்சு இழுத்திருக்கணும் இல்ல அண்ணி?" என்றாள்.

போன வாரம் நான் பதில் சொல்லாமல் பேசினைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த கேள்வி. அது என் பின்னாலேயே வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இழுத்திருந்தா வந்திருப்பானா?" என்றேன். "கூப்ட்டியா இல்லியா நீ?"

"கூப்டேன். ரெண்டு தடவை."

"இன்னா சொன்னான்?"

"உசுர வாங்காதன்னாரு."

"அவ்ளோதான் நிர்மலா. நீ கேட்ட, அவன் சொல்லல. நீ கூப்ட்ட, அவன் வரல. நானா இருந்தாலும் சோடாதான் குடுத்திருப்பேன். நீ கொல்லல. செடியைக்கூட நீ கொல்லல, அதான் துண்டு கீதே."

அப்போதுதான் அழுதாள். நீ போன நாளிலிருந்து இப்படி அவள் அழுது நான் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருத்தர் உள்ளே யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். எனக்குத்தான், தோள் வலி என்றேன். அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

இப்போது நான் யார் மேல் கோபப்பட வேண்டும், சொல். அவளை இந்த நிலையில் விட்டுவிட்டுப் போனது யார்? ஒரு வார்த்தை, "வலிக்குது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீ பிழைத்திருப்பாயோ இல்லையோ எனக்குத் தெரியாது. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இவளை எவரும் விரல் நீட்டிப் பேசியிருக்க மாட்டார்கள். உன் பெண் அம்மாவின் பக்கத்தில் படுத்திருப்பாள். நீ வலியை மறைத்தாயே, அது எங்கே போயிற்று என்று நினைத்தாய்? அப்படியே அவளிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

புரட்டாசி பிறந்ததும் அத்தை போன் செய்தார்கள். உன் முதல் வருஷ தெவசம் வருகிறது அல்லவா.

"இன்னாமே விஜயா, தெவசத்துக்கு இன்னா ஏற்பாடு பண்ணிகினு கீறீங்க?"

"வானகரத்துலயே வச்சிக்கலாம் அத்தே. எல்லாம் நிர்மலா பாத்துப்பா."

"நல்லா பாத்துப்பா. படையல நீ உன் கையால செய்மே. சோடா குடுத்து அனுப்புனவ கையால சோறு வச்சா புள்ள வந்து துன்னுவானா?"

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நின்றுகொண்டு பேசினால் கத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"அத்தே, சோடா கேட்டது யாரு?"

"இன்னாமே?"

"அவன்தான் கேட்டான். கேஸ்னு சொன்னது யாரு? அவன்தான். ஆஸ்பத்திரிக்கு வர்றியான்னு அவ ரெண்டு வாட்டி கூப்ட்டிருக்கா. வரமாட்டேன்னு சொன்னது யாரு?"

அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "இன்னா பேச்சு பேசற நீ? கூடப் பொறந்தவதான நீ? செத்துப்போன புள்ள மேலயா பழி போடற?" என்றார்கள்.

"ஆமா அத்தே, அவன் மேலதான் போடறேன். அவன் தாங்குவான். அவ தாங்கமாட்டா."

போனை வைத்துவிட்டார்கள். இன்னும் கூப்பிடவில்லை. தெவசத்துக்கு வருவார்கள், வராமல் இருக்கமாட்டார்கள்.

இனி உனக்குக் கொஞ்சம் நல்ல செய்தி. போனால் போகிறது என்று சொல்கிறேன். துண்டுகளில் பாதிக்கு மேல் பிழைத்துவிட்டன. நேற்று ஒன்றை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன், அடியில் நூல் மாதிரி ரோஸ் நிறத்தில் வேர். ஈர்க்குச்சி சுத்தமாக வந்த பிறகுதான் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். மழை தொடங்குவதற்கு முன்பே தொட்டியை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். மறக்கவில்லை. இதில் ஒரு பங்கு வானகரத்துக்குப் போகிறது, யாழினி தன் பேனா டப்பாவில் ஓட்டை போட்டுத் தயாராக வைத்திருக்கிறாள்.

உன் டம்ளர் தண்ணீருக்கும் வழி செய்தாகிவிட்டது. ஃபிளாட் வாசலில் ஒரு வாதாம் மரம் இருக்கிறதே, நீ வண்டி நிறுத்துவாயே, அதன் அடியில் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். "அவருக்குப் போய்ச் சேருமா அண்ணி?" என்று நிர்மலா கேட்டாள். அவ்வளவு பெரிய மரம், எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும், அவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடும் என்றேன். எனக்கு என்ன தெரியும்? இப்போது தினமும் இரண்டு மாடி இறங்கிப் போய் ஊற்றிவிட்டு வருகிறாள். சில நாள் யாழினியும் கூடப் போகிறாளாம்.

தெவசத்தன்று படையலை நிர்மலாதான் செய்வாள். நீ விரும்பித் தின்ற வஞ்சிரம் வறுவல், உருளைக்கிழங்கு பொரியல், எல்லாம் அவள் கையால் வரும். பிடித்ததெல்லாம் வைக்க வேண்டும் என்று யாராவது சோடா பாட்டிலை எடுத்து வந்தால், அதை வாசலோடு நிறுத்தும் பொறுப்பு என்னுடையது.

ஒரு சத்தியமும் செய்கிறேன். அன்றைக்கு அத்தை, மாமா, சித்தப்பா வீடு, உன் ஆபீஸ்காரர்கள், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, உன் பெண்ணை என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, உன் படத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லப் போகிறேன். "இவன்தான் வலியைச் சொல்லவில்லை. இவள் கேட்டாள், இவன் சொல்லவில்லை." எல்லோர் முன்னாலும் உன் மானத்தை வாங்கத்தான் போகிறேன். உனக்குக் கோபம் வந்தால் எழுந்து வந்து என்னைக் கேள். வந்து கேளேன்டா. அதற்காகத்தான் இவ்வளவும் கத்திக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அக்கா,
விஜயா